டயாப்லோ 3: மகிழ்ச்சியும் மனக்குறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டயாப்லோ 2’ கணினி விளையாட்டைப் பல இரவுகள் கண்விழித்து ஆடியவன் என்ற முறையில், 2012 மே மாதம் வந்த மூன்றாம் பாகத்தைப் பற்றி எழுதுகிறேன். நாம் இயக்கும் வீரர்களில் ஒருவனான பார்பேரியன் ஓங்கி அடித்ததும் எலும்புக்கூடுகள் சிதறிப் பறக்கும் காட்சி இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. ஆனால், கணினியில் தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு வேண்டும் என்ற கட்டாயத்தையும், நம் வீரரின் நிலை உயரும்போது வலிமைக்கான புள்ளிகளை நாமே பகிர்ந்தளிக்கும் உரிமை பறிபோனதையும் என்னால் ஏற்க இயலவில்லை. அரக்கரை வீழ்த்திப் பெறவேண்டிய ஆயுதங்கள் உண்மைப் பணத்துக்குக் கைமாறிய ஏலச் சந்தையை 2014 மார்ச்சில் மூடியது சரியான முடிவே. ஆயினும், இரண்டாம் பாகத்தின் முதல் முகாமில் மழையோடு ஒலித்த கிட்டார் இசை தந்த துயரம் கலந்த அமைதி, மூன்றாம் பாகத்தில் எங்கும் எனக்கு வாய்க்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் ரசிகர் ஒருவர்