கூகுள் டிரைவ் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சின்னக் கடைகளில்கூட இப்போது கடை கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப் இரண்டிலும் நெட்டில் ஃபைல்களைச் சேமிக்கும் கூகுள் டிரைவைப் போட்டு, ஒரே ஃபோல்டர் எல்லாவற்றிலும் தானாக வந்துவிடும்படி வைத்திருக்கிறார்கள், நல்லதுதான், பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் அதையே பேக்கப், அதாவது ஃபைல் தொலைந்தால் எடுத்துக்கொள்ளும் தனிப் பிரதி, என்று நம்புகிறார்களே, அங்கேதான் சிக்கல். ஒன்றில் ஃபைலை அழித்தால் மற்றதிலும் போய்விடும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் சரி. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடமும் ஜிமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அப்புறம், 2017 ஒக்கி புயலில் பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததே, அப்படி ஒரு நேரத்தில் நெட்டில் மட்டும் இருக்கும் பத்திரத்தை எப்படித் திறப்பது? முக்கியமானவற்றை நெட் இல்லாமலே திறக்கும்படி ஆஃப்லைனிலும், தனி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதியும் வையுங்கள்.

– ஒரு வாசகர், தக்கலை