குருநகர் ஐஸ் அண்ணைக்கும், தோள்கொடுத்த எல்லாருக்கும்

நின்றுபோன கறண்ட் வந்துவிட்டது. எங்கள் ஆய்வுகூடப் பிறீசரில் இருந்த புற்றுநோய்த் திசு மாதிரிகள் தப்பிவிட்டன. முதல் நன்றி, குருநகரில் மீனுக்கு ஐஸ் கொடுக்கும் அண்ணைக்கு.

நாங்கள் கேட்டது ஐஸ் மட்டுந்தான். நீங்கள் அதை நொறுக்கி, கேளாமலே ஒரு மூட்டை உப்பும் ஏற்றிவந்தீர்கள். அந்த உப்புத்தான் காப்பாற்றியது. உருகுகிற வெறும் ஐஸ் 0 பாகையில்தான் நிற்கும். நொறுக்கிய ஐஸ் 3 பங்குக்கு உப்பு 1 பங்கு கலந்தால் −20 பாகைக்குக் கிட்ட இறங்கும். பெரிய கட்டியாகப் போட்டால் உப்பு அடியில் தங்கிவிடும், குளிர் பிடிக்காது. திசுவுக்கு வேண்டியது −80. ஆனாலும் உலர்பனி (உறைந்த காபனீரொட்சைட்டு) வரும்வரை உருகாமல் வைத்திருக்க இது போதும். உப்புத்தண்ணி மூடிக்குள் ஏறும் என்பதால் மாதிரிக் குழாய்களை இரட்டைப் பையில் கட்டினோம்.

ஏன் இந்த அந்தரம் என்று பெட்டி தூக்கியவர்கள் கேட்டீர்கள். முற்றிய புரஸ்டேற் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் பீரென் (PTEN) என்ற புரதம் இல்லாமல் போய்விடும். கலமென்சவ்விலுள்ள ஒரு கொழுப்பிலிருந்து பொஸ்பேற்று என்ற சிறு இரசாயனக் கூற்றைக் கழற்றுவது அதன் வேலை. அது இல்லையென்றால் பொஸ்பேற்று ஏறிய கொழுப்புக் குவிந்து, ஏகேரி (AKT) என்ற புரதத்தை மென்சவ்வுக்கு இழுக்கும். அங்கே ஏகேரியின் 308ஆம், 473ஆம் அமினோவமிலங்களில் பொஸ்பேற்று ஏறும். பிறகு கலத்துக்கு 'வளர், சாகாதே' என்ற கட்டளை ஓயாது. ஆண் ஓமோனைத் தடுக்கும் சிகிச்சையில் இந்தப் பாதை இன்னும் உரக்கலாம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த திசுக்களைப் பத்திரப்படுத்துவது அதைப் பார்க்கத்தான்.

நாங்கள் அளப்பது ஏகேரியில் ஏறிய அந்தப் பொஸ்பேற்றை. திசு உருகினால் நொதியங்கள் அதைக் கழற்றிவிடும், ஏகேரி மட்டும் அப்படியே கிடக்கும். பரிசோதனை ஒழுங்காய் நடந்ததுபோலவே தெரியும், ஆனால் விடை பொய். பழுதான மீன் என்றால் நாறிக் காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடாது.

ஜெனரேற்றர் இரவல் தந்தவருக்கும், உலர்பனிப் பெட்டியின் மூடியை இறுக்காமல், பக்கத்து யன்னலையும் திறந்துவைத்துக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பஸ் நடத்துநருக்கும், பிறீசர் கதவை ஒருவரும் திறக்காமல் காவல் நின்ற சிற்றூழியர்களுக்கும் நன்றி. திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளையும் ஐஸில் வைத்த தம்பிமாருக்கும் நன்றிதான்; அவற்றுக்குக் குளிர் தேவையில்லை, அடுத்தமுறை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கோ. புரதத்தை இனங்காண உதவும், நொதியம் பிணைத்த பிறபொருளெதிரிகளை உப்பில்லா ஐஸில், நடுவில் மட்டை வைத்து, உறையாமல் பார்த்தீர்களே, அது கெட்டித்தனம்.

இனி ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு கட்டடங்களில் வைப்போம்.

அண்ணை, காசு வேண்டாம் என்றுவிட்டீர்கள், சரி. உங்கள் ரெஜிபோம் பெட்டிகளை மட்டும் திருப்பித் தரமாட்டோம். மனிதத் திசு வைத்த பெட்டியில் மீன் போடக்கூடாது. புதுசு வாங்கி இந்தக் கிழமையே அனுப்புகிறோம்.