கோச்சிங் இல்லாத சாயங்காலம்

அன்புள்ள மகளுக்கு,

பையன் சனிக்கிழமையும் சும்மாதானே இருக்கிறான், நீச்சலில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். முதலில் கிரிக்கெட் கோச்சிங்கைக் குறை.

வாரத்துக்கு வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அவனுக்கு 9. நீ அனுப்புவது தினம் 2 மணி வீதம் 5 நாள், ஞாயிறு மேட்ச் 3 மணி, ஆக 13. பயிற்சி நேரம் தன்னிஷ்டமாக ஆடும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் காயம் கூடுகிறது என்றும் சொல்கிறார்கள். தன்னிஷ்டமாக ஆட அவனுக்கு நேரமே இல்லை.

அந்த 2 மணி நேரமும் ஓடியாடுகிறான் என்று நினைக்காதே. ஒரு நெட்டுக்கு, அதாவது பேட்டிங் பழகும் வலைக்கு, 12 பேர் என்றால் ஆளுக்கு 10 நிமிடம்தான் பேட்டிங். மிச்ச நேரம் பந்து போட வரிசையில் நிற்பது. தெருவில் வரிசை கிடையாது. மதில் தாண்டினால் அவுட் என்பதால் பந்தைத் தரையோடு அடிக்கக் கை தானாகப் பழகும். ஆள் குறைந்தால் 'ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட்' வரும், ஒரு தடவை தரையில் பட்ட பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். சின்னவனை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அழுகுணி ஆட்டம் ஆடினால் பந்துக்காரன் வீட்டுக்குப் போய்விடுவான், ஆகவே சண்டையை அவர்களே முடித்தாக வேண்டும். கோச் இருக்குமிடத்தில் இது எதற்கும் வேலையில்லை.

திங்கள், புதன், வெள்ளி மட்டும் வகுப்பு, வாரத்துக்கு 6 மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி 5 முதல் 6 வரை கீழே ஆட விடு, ஆக 3 மணி நேரம். மேட்ச் மாதத்துக்கு ஒன்று போதும், அந்த வாரம் இரண்டு வகுப்பை விட்டுவிடலாம். நாலைந்து பிள்ளைகள் வேண்டும், ஒரே வயதாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. டென்னிஸ் பந்து இரண்டு, சாக்பீஸ், ஏழு கல்லுக்கு உடைந்த ஓட்டுச் சில்லு ஏழு. கார் பார்க்கிங்கில் வாட்ச்மேன் விரட்டுவார், அசோசியேஷனில் மாப்பிள்ளையை முன்கூட்டியே பேசச் சொல்.

முதல் வாரம் "போர் அடிக்குது" என்று மேலே வருவான். கோச் சொல்லிச் சொல்லியே ஆடிப் பழகியவனுக்கு ஆட்டத்தைத் தொடங்கத் தெரியாது. நீ இறங்கிப் போய் டீம் பிரித்துக் கொடுத்தால் அதுவும் ஒரு வகுப்பாகிவிடும். பால்கனியிலிருந்து பார், போதும்.

குதிகால், முட்டிச் சில்லுக்குக் கீழே, இடுப்பின் பின்பக்கம், இந்த மூன்றில் வலி என்றால் தைலம் தேய்த்து அனுப்பாதே. வளர்கிற எலும்பு. வேகப்பந்து போடுகிற பிள்ளைக்கு இடுப்பு வலி நீடித்தால் முதுகெலும்பில் கீறல் விட்டிருக்கலாம். பந்து போடுவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டு.

வருஷத்தில் 2, 3 மாதம் கிரிக்கெட்டே இல்லாமல் இருக்க வேண்டும். ஏப்ரல், மே தோதானது, ஆனால் அப்போதுதான் சம்மர் கேம்ப் என்று நோட்டீஸ் வரும். அதை வாங்கி ஓரமாக வைத்துவிடு, சேர்க்காதே. நீச்சல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியதுதான், அதை அந்த மாதங்களில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா