மேற்குப் போர்முனையின் ஒரு நாளை வரையப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் காலாட்படை பட்டாலியன் ஒன்றின் ஒரு நாளைப் படக்கதையாக வரையப் போகிறாய் என்று கேள்விப்பட்டதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தாக்குதல் நடந்த நாள் எதையும் எடுக்காதே. 1916 ஜனவரியில், வடக்கு பிரான்சின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் லாவென்டி என்ற ஊர்ப் பக்கம், எதுவுமே நடக்காத ஒரு நாளை எடு. பட்டாலியன்களின் காலம் பெரும்பாலும் அப்படித்தான் போனது. அந்த நாட்களிலும் ஆட்கள் செத்தார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். அங்கே இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். ஆகவே ஆழமான பதுங்குகுழி கிடையாது. தரைக்கு மேல் மணல் மூட்டைகளை அடுக்கி எழுப்பிய சுவர்தான் அரண். சாக்கில் முக்கால் அளவு மண் போட்டு, மண்வெட்டியால் தட்டிச் சப்பையாக்கி, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல ஒரு வரியை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்காகவும் வைப்பார்கள். சாக்கின் வாயும் தையலும் சுவருக்குள் மறைய வேண்டும். வெளியே தெரிந்தால் நாளடைவில் பிரிந்து மண் கொட்டும். முட்ட முட்ட நிரப்பிய மூட்டை உருண்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் மழையில் சரியும். சுவரின் உச்சி மெல்லியதாக இருந்தால் ரைஃபிள் குண்டு துளைத்துக்கொண்டு வந்துவிடும். சுவருக்குப் பின்னால் நின்றும் தலையில் குண்டு பட்டது இதனால்தான்.

சுவருக்குப் பின்னால் ஆட்கள் நிற்கும் பாதையை நேர்கோடாகப் போடாதே. ஏறத்தாழ 20 அடிக்கு ஒரு தடித்த மண்திட்டு குறுக்கே நிற்கும். பாதை அதைச் சுற்றி வளையும். பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளே விழுந்தால் சேதம் அந்த வளைவோடு நிற்கும். ஒரு முனையில் எதிரி புகுந்துவிட்டாலும் நீளவாக்கில் சுட்டுத் தள்ள முடியாது.

உடையிலும் கவனம் வை. அந்த ஜனவரியில் எஃகுத் தொப்பி எல்லோருக்கும் வந்து சேரவில்லை. பலர் தலையில் துணித் தொப்பியைப் போடு. விஷவாயுவுக்கு, மருந்தில் நனைத்த துணிப்பை போன்ற முகமூடிதான். குழாயும் பெட்டியும் வைத்த முகமூடி பரவலானது அந்த ஆண்டின் பிற்பகுதியில்.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரையும் எழுப்பி, சுவரோரப் படியில் பயோனெட் என்ற முனைக்கத்தி மாட்டிய துப்பாக்கியோடு நிறுத்துவார்கள். அதற்கு 'ஸ்டாண்ட்-டு' என்று பெயர். தாக்குதல் வருவதற்கு அரைவெளிச்சம்தான் வசதியான நேரம். காலையில் கிழக்கு வெளுக்கும்போது ஜெர்மன் வரிசை வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரியும். சாயங்காலம் மேற்கு வெளிச்சத்தில் பிரிட்டிஷ்காரர்கள் தெரிவார்கள். இந்த இரண்டு கட்டங்களையும் நீ ஒளியை வைத்தே வேறுபடுத்தலாம். நன்றாக விடிந்ததும் ரம் பங்கீடு. அதிகாரியின் கண்ணெதிரே குடித்துவிட வேண்டும். சேர்த்து வைக்க அனுமதி இல்லை. பிறகு துப்பாக்கி துடைப்பது, சோதனை, பேக்கனும் தேநீரும். அடுப்பில் புகை எழுந்தால் அந்த இடத்துக்கு மோர்ட்டார் குண்டு வரும் என்பதால் விறகைச் சன்னமாகச் சீவி எரிப்பார்கள்.

அடுத்தது கால். இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கு என்பது எங்கள் விருப்பம். 1914-15 குளிர்காலத்தில் 'டிரெஞ்ச் ஃபுட்' நோயால் பாதிக்கப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் ஏறத்தாழ 20,000 பேர். குளிர்ந்த தண்ணீரில் அசையாமல் நிற்பது, இறுக்கமான பூட்ஸ், கெண்டைக்காலில் சுற்றிய பட்டி நனைந்து இறுகுவது எல்லாம் சேர்ந்து ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். கால் மரத்து, வீங்கி, முற்றினால் அழுகும். அதற்காக நாள்தோறும் பூட்ஸைக் கழற்றி, இருவர் இருவராக ஒருவர் காலை மற்றவர் திமிங்கில எண்ணெய் போட்டுத் தேய்த்து, உலர்ந்த சாக்ஸ் மாட்ட வேண்டும். பட்டாலியனின் சிறு பிரிவான பிளாட்டூனின் அதிகாரி குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். நோயாளிகள் கூடினால் பட்டாலியன் தளபதி மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸும் உண்டு. மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அதுவே கேடு.

பகலில் பெரிஸ்கோப்பில், அதாவது தலையை நீட்டாமல் சுவருக்கு மேலே பார்க்க உதவும் கண்ணாடிக் கருவியில், பார்க்கும் ஒரு சில காவலர்கள் தவிர மற்றவர்கள் சுவரைச் செப்பனிடுவார்கள், தண்ணீர் இறைப்பார்கள், கிடைத்த பொந்தில் தூங்குவார்கள். சட்டைத் தையலை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிச் சீலைப்பேனும் ஈரும் பொசுக்குவார்கள்.

வேலை சூடுபிடிப்பது இருட்டிய பிறகு. குதிரை வண்டிகள் ஓரளவு தூரம்தான் வரும். அங்கிருந்து ரொட்டி, டின் மாட்டிறைச்சி, தேயிலை, சர்க்கரை எல்லாம் சாக்குகளில். இரண்டு சாக்கின் வாயைச் சேர்த்துக் கட்டி, தோளின் முன்னும் பின்னும் தொங்கவிட்டுச் சுமப்பார்கள். தண்ணீர் 2 கேலன் பெட்ரோல் டின்களில் வரும். சரியாகக் கழுவாவிட்டால் தேநீரிலும் பெட்ரோல் வாடை. சுமப்பவன் சேற்றில் விழுந்தால் ஒரு பிளாட்டூனின் ரொட்டி போச்சு.

முள்கம்பி கட்டப் போகிறவர்களையும் விட்டுவிடாதே. மரக்கட்டையை அடித்து இறக்கும் சத்தத்துக்கு இயந்திரத் துப்பாக்கி பதில் சொல்லும்; சுத்தியலில் சாக்கைச் சுற்றினாலும் முழுக்க அடங்காது. பிறகு வந்த திருகுக் கம்பத்தை, வளையத்தில் ஒரு குச்சியைச் செருகிச் சத்தமில்லாமல் மண்ணுக்குள் முறுக்கிவிடலாம். கட்டுகிறவர்களுக்கு முன்னால் சிலர் படுத்துக் காவல் இருப்பார்கள். வெளிச்ச வாணம் ஏறினால் நின்றவன் நின்றபடியே உறைய வேண்டும். அசைவுதான் கண்ணில் படும். இவர்கள் வெளியே போயிருப்பதைப் பக்கத்துப் படைக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டு, திரும்பி வருகிறவர்களைச் சொந்தக் காவலனே சுட்டுவிடுவதும் உண்டு.

ஒரே பட்டாலியன் வாரக்கணக்காக முன்வரிசையில் நின்றதாகக் காட்டிவிடாதே. சில நாட்கள் முன்வரிசை, சில நாட்கள் துணைவரிசை, பிறகு பின்னால் ஓய்வு என்று சுழற்சி. ஓய்வு என்றாலும் சுமைதூக்கும் வேலை அங்கேயும் துரத்தும்.

தேதியையும் வானிலையையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒவ்வொரு பட்டாலியனும் எழுதிய போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒரு பட்டாலியனைத் தேர்ந்தெடுத்து, அந்த மாதப் பக்கங்களை முழுதாகப் படித்துவிட்டுப் பென்சிலை எடு. கோட்டுச் சித்திரங்களை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உன் அண்ணன்மார்