அம்மாள் வருத்தத்தை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மகளுக்கு நான்கு வயதாயிருந்தபோது இரண்டு கிழமையாகக் காய்ச்சல் விட்டு விட்டுக் காய்ந்தது. திருகோணமலையில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். குருதிச் சிறுதட்டுகளும் குறைந்திருந்ததால் நாங்களும் அதையே நம்பினோம். ஆனால் கடற்கரையில் நிற்காமல் ஓடும் பிள்ளை, கால் நோகிறதென்று வாசற்படி ஏறுவதற்கும் தூக்கச் சொன்னாள். அடிபடாமலே கணைக்காலில் நீலத் தழும்புகள் கண்டன. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் என்பு மச்சையைப் பரிசோதித்த பின்னரே அது குருதிப் புற்றுநோய் என்று உறுதியாயிற்று.

சிறுபிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே கூடுதலாகக் காணப்படுவது என்றும், உரிய சிகிச்சையால் பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகிறார்கள் என்றும் வைத்தியர் அன்றே சொன்னார். அது எங்கள் காதில் ஏறச் சில மாதங்கள் சென்றன. சிகிச்சை இலவசம், இரவு ரயிலும், குருதிக் கலங்களின் எண்ணிக்கை தாழ்ந்து சனக் கூட்டத்தில் போகக்கூடாத நாட்களில் கடன்பட்டுப் பிடித்த வானும்தான் எங்கள் செலவு.

நான் எழுத வந்தது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி. இந்நோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீளும். அதன் கடைசிப் பகுதியில் பிள்ளை வீட்டிலிருந்து மாத்திரை குடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகலாம். தலைமுடி வளர்ந்து, ஓடி விளையாடும் பிள்ளையைப் பார்ப்பவர்கள் வருத்தம் மாறிவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் அந்த மாத்திரைகள் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தியே வைத்திருக்கும்.

தரம் ஒன்றில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, தன் பிள்ளைக்கும் தொற்றிவிடும் என்று பயந்த தாய் ஒருவர் எங்கள் மகளை வேறு வாங்கில் இருத்தச் சொன்னார். புற்றுநோய் தொற்றாது. தொற்றுக்குப் பயப்பட வேண்டியிருந்தவர்கள் நாங்கள்தான். அடுத்த தவணையில் அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான், வந்தது. வீட்டார் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியவந்தபோது மகளின் நெற்றியில் முதற் கொப்புளம் போட்டிருந்தது. பத்து நாட்கள் விடுதியில் நாளம் வழியாக மருந்தேற்றித்தான் அவளை மீட்டோம். அந்தப் பிள்ளையோடு அவள் பழகியது ஓரிரு நாட்களுக்குள் தெரிந்திருந்தால் முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுத்திருக்கலாம் என்று வைத்தியர் வருந்தினார்.

நாங்களும் பத்திரகாளி அம்பாளைக் கும்பிடுகிறவர்கள்தான். வாசலில் வேப்பிலை செருகுவதையோ, வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதையோ நான் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்த வேப்பிலையே அயலுக்கு ஓர் அறிவித்தல். அதை மறைப்பதுதான் புதுப் பழக்கம். கொப்புளிப்பான் வந்தால் வகுப்பாசிரியருக்கு அன்றே சொல்லுங்கள்; கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். அதிபர்களும் பெயர் குறிப்பிடாமல் ஏனைய பெற்றோருக்கு அறிவிக்கலாம்.

மகளின் சிகிச்சை முடிந்து ஒரு வருடமாகிறது. இப்போது எங்கள் அயல்வீட்டு அக்கா, பேரனுக்குத் தடிமன் என்றாலும் படலைக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒரு தாய்,
திருகோணமலை.