மூன்று சர்க்கரைக் கட்டிகளுக்கு நன்றி

அன்புள்ள சொந்தங்களே, நண்பர்களே,

அம்மா நேற்று முத்தியால்பேட்டை வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாவுக்குப் பாரிஸில் அன்று மத்தியானம் திடீரென்று சுகர் இறங்கியபோது என்ன ஆயிற்று என்று போனில் கேட்காதவர் இல்லை. அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு. ஈபிள் கோபுரத்துக்கு எதிர்ப்புறம் ட்ரொகாதேரோவில், தரையில் துணி விரித்துச் சாவிக்கொத்தும் குட்டிக் கோபுரங்களும் விற்றுக்கொண்டிருந்த ஆப்பிரிக்க இளைஞர். அங்கே துணியின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, நான்கையும் கையில் பிடித்தபடியேதான் நிற்பார்கள். போலீஸ் தலை தெரிந்தால் ஒரே இழுப்பு, கடை மூட்டையாகிவிடும். அவர் அந்தக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

8 டிகிரி குளிரில் அம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது. நடந்த களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். குளிரில் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில்: இந்த மூன்றும் சேர்ந்தால் சுகர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். பிள்ளை ஓடிப்போய் வாங்கிவந்ததோ ‘ஜீரோ’ என்று போட்ட கோலா. அதில் சர்க்கரையே கிடையாது, எவ்வளவு குடித்தாலும் சுகர் ஏறாது. அதைக் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் கோட்டுப் பையில் துழாவி, காகிதம் சுற்றிய சர்க்கரைக் கட்டிகளை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து எண்ணினார்: அன், தெ, த்ருவா. மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த மூன்று சும்மா வந்த எண் அல்ல. பிரான்ஸில் ஒரு கட்டி ஏறக்குறைய 5 கிராம், மூன்று போட்டால் 15 கிராம். லோ சுகருக்கு டாக்டர்கள் சொல்வதும் அதே அளவுதான். 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு 15 கிராம். ஏறிய பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் ரத்தத்தில் சேரவிடாது. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்: அங்கே என்றால் போனில் 15 அல்லது 112, இங்கே என்றால் 108.

சுகர் மெஷின் முதலில் எரர் காட்டியது. 10 டிகிரிக்குக் கீழே பல மெஷின்கள் அப்படித்தான். அண்ணி அதை ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடேற்றினார். விறைத்த விரலில் ரத்தமும் வரவில்லை. அந்தத் தம்பி அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள் பொத்தித் தேய்த்தார். குத்துவதற்கு முன் பாட்டில் தண்ணீரால் விரலைக் கழுவித் துடைக்கவும் சொன்னார். சர்க்கரை ஒட்டிய விரல் என்றால் மெஷின் பொய்யாக ஏற்றிக் காட்டும், அந்தப் பதற்றத்தில் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. முதலில் 58. கால் மணி கழித்து 84. அதுவரை அவர் தன் கடைப் பக்கம் திரும்பவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் இரண்டு கயிற்றுக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். காசு நீட்டியபோது ஐந்து சாவிக்கொத்துகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதியையும் சரியாகத் திருப்பித் தந்தார்.

ஏன் இறங்கியது என்று இப்போது புரிகிறது. காலையில் வழக்கமான அளவு ஊசி, ஆனால் சாப்பிட்டது இரண்டு துண்டு ரொட்டி. சார்செல்லிலிருந்து ரயில், மெட்ரோவில் லிஃப்ட் இல்லாத படிக்கட்டுகள், கோபுரத்தடியில் வரிசை. மத்தியானச் சாப்பாடு தள்ளிக்கொண்டே போனது. அங்கே பல ஓட்டல்களில் இரண்டு மணிக்குமேல் அடுப்பை அணைத்தால் ராத்திரி ஏழுக்குத்தான் மறுபடி. ஊர் சுற்றும் நாளில் ஊசி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சர்க்கரைக் கட்டியும் உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும்.

மருந்துக்கடை அம்மாவுக்கும் நன்றி. ஸ்டாக் தீர்ந்து அங்கே இன்சுலின் வாங்கப் போனபோது, 40 யூனிட் குப்பிக்கென்றே கோடு போட்ட எங்கள் சிவப்பு மூடி ஊசியைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர். நம் ஊர்க் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அங்கே 100. நம் ஊசியில் அந்த மருந்தை 10 யூனிட் கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 25 யூனிட். பஸ்ஸின் சாய்தளத்தை இறக்கிக் காத்திருந்த டிரைவர், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெலில் கடை மூடிய பிறகும் ரசம் சுடவைத்துக் கொடுத்த அக்கா, நான்கரை மணி நேர வித்தியாசம் பார்க்காமல் நள்ளிரவில் போன் எடுத்த நம் டாக்டர், லீவு போட்ட அண்ணன், வீட்டுக்குத் தினமும் வந்து விளக்கேற்றிய எதிர்வீட்டு அத்தை, எல்லோருக்கும் கைகூப்புகிறோம்.

இனி அம்மாவின் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும், மருந்துப் பெயர்களைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய சீட்டும் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டோம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவர்களிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசவும் இனி எங்களுக்கு மனம் வராது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது பாரிஸ் போனால், ட்ரொகாதேரோவில் சாவிக்கொத்து விற்கும் அந்தத் தம்பியைத் தேடுங்கள். சாம்பல் நிறக் கோட்டு, சிவப்புக் குல்லாய், இடது புருவத்தில் ஒரு தழும்பு. அம்மாவை ‘மமோன்’ என்றுதான் கூப்பிட்டார். பார்த்தால் இரண்டே வார்த்தை சொல்லிவிடுங்கள், நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த பிரெஞ்சுதான்: மமோன் நலம், ‘வா பியேன்’.

அன்புடன்,
அம்மாவின் பிள்ளைகள்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி