பராமரிப்புக்கும் நிதி வேண்டும்

ஆசிரியருக்கு,

நீடித்த கிராம வளர்ச்சியே நாட்டின் முன்னேற்றத்துக்கு வழி என்று வாதிடும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கருத்து சரிதான். ஆனால் கிராமங்களில் புதிதாகக் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம், கட்டியதைக் காப்பாற்றக் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குத் திறப்பு விழா விமரிசையாக நடந்தது. அப்புறம் மோட்டார் பழுதானபோது சரிசெய்ய ஊராட்சியிடம் பணமில்லை. கோடை முழுவதும் பெண்கள் குடத்தோடு பழைய கிணற்றுக்கே போனார்கள். (கல்வெட்டுக்கு மட்டும் எந்தப் பழுதும் இல்லை!)

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டது. அவற்றை நடத்தப் போதிய சொந்த வருவாய்தான் பெரும்பாலான ஊராட்சிகளுக்கு இன்னும் இல்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை அமைத்தது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. எல்லா ஊருக்கும் காற்றாலை சரிப்படாது. ஆனால் ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்க்காத எந்தப் பணிக்கும் இனி நிர்வாக அனுமதி தருவதில்லை என்று அரசு முடிவெடுக்கலாம். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தையாவது, முந்தைய ஆண்டுகளில் கட்டியவை இப்போது எந்த நிலையில் உள்ளன என்பதை வாசித்துக் காட்டுவதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

– ஊராட்சி வாசகர் ஒருவர்